ஐந்தாம் அத்தியாயத்தில் அழாத அக்கா

தலைமைக் கதிரையில் அமர்ந்து, "பிள்ளை, ஏற்புரை பத்து நிமிசத்தைத் தாண்டக்கூடாது" என்று அன்போடு அதட்டிவிட்டு, இப்போது மணிக்கூட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுநிலை அதிபர், பெருமதிப்புக்குரிய சின்னராசா ஐயா அவர்களே! அறிவாலும் அனுபவத்தாலும் இந்த அவைக்கு அழகு சேர்க்கும் ஆன்றோர்களே! அளம்பிலில் இருந்து அதிகாலையே பஸ் ஏறி, அலையின் வாசம் ஆறாமல் வந்து அமர்ந்திருக்கும் அன்பு உறவுகளே! விசுவமடுவில் வெட்டிய நெல்லை வெயிலில் பரப்பிவிட்டு, மழை வருமோ என்று வாசலையும் பார்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டவர்களே! பெற்றெடுத்த தாய்மார்களே, பெறாமலே எங்களைப் பேணி வளர்த்த தாய்மார்களே! ரியூசன் வகுப்பை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் குனிந்து இருக்கும் மாணவச் செல்வங்களே! குனிய வேண்டாம், நான் கண்டுவிட்டேன். உங்கள் ஒவ்வொருவரையும் இரு கை கூப்பி, இதயம் நிறைந்து வணங்குகிறேன்.

என் பெயர் பிரஷாந்தினி. விசுவமடுவில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் சில பிள்ளைகளைச் சேர்த்து நாடகம் போடுகிறேன். இன்று வெளியிடப்பட்ட 'கைக்கு வேலை கொடு' என்ற இந்த நூலைத் தமிழில் தந்தவள் நான்.

எனக்கு முன்னால் பேசிய மூவரும் தெளிவாகப் பேசினார்கள். ஒருவர் இதை நடிப்புக்கலையின் திறவுகோல் என்றார். ஒருவர் இதை எழுதியவரைத் தாய்மொழிக்குத் திரும்பிய தலைமகன் என்றார். ஒருவர் மொழிபெயர்ப்பு மிகத் துல்லியம் என்று என்னையும் புகழ்ந்தார். அவையோரே, அவர்கள் தெளிவாகப் பேசலாம். நான் தெளிவாகப் பேச மாட்டேன். ஏன்? நான் தெளிவாக இல்லை! இரண்டரை வருடம் இந்த நூலோடு விழித்து, இந்த நூலோடு உண்டு, இந்த நூலோடு உறங்கி, இன்று அச்சு மணக்க அதைக் கையில் ஏந்தி நிற்கிறபோதும் நான் குழம்பிப்போய்த்தான் நிற்கிறேன். அந்தக் குழப்பத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்வதுதான் என் ஏற்புரை.

ஓமோம், மைக் இரைகிறது. கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது.

முதல் குழப்பம் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நாடகம் ஒரு பாடமாகப் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு போட்டோக்கொப்பி தந்தார்கள். நாலே நாலு பக்கம். ஆங்கிலம். எழுதியவர் பெயர் அன்ரன் சவாரி. இங்கிலாந்தின் வடக்கே ஒரு நாடகக் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேலாக நடிப்புக் கற்பித்தவர், அவரிடம் படித்தவர்கள் உலகத்து மேடைகளில் எல்லாம் நிற்கிறார்கள் என்று விரிவுரையாளர் சொன்னார். "அவர் எந்த நாட்டவர், சேர்?" என்று நான் கேட்டேன். "இத்தாலியர் போல இருக்கு" என்றார். நானும் எழுதிக்கொண்டேன். பரீட்சையிலும் எழுதினேன். புள்ளியும் கிடைத்தது!

பிறகு பதினாறு வருடம் கழித்து, லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை அந்த நூல் முழுவதையும் வாங்கி அனுப்பினாள். எங்கள் பிள்ளைகளுக்காக ஓரிரு அத்தியாயங்களைத் தமிழில் சொல்லிக் கொடுக்கலாம் என்று தொடங்கினேன். ஐந்தாம் அத்தியாயத்தைத் திறக்கிறேன். முதல் வரியில் ஒரு கடற்கரையின் பெயர், ஆங்கில எழுத்தில். எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். அளம்பில்!

அளம்பில்! முல்லைத்தீவில் இருந்து பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்தில் இறங்கக்கூடிய அளம்பில்! இத்தாலியும் இல்லை, எந்தத் தொலைதேசமும் இல்லை. அன்ரன் சவாரி என்றால் அந்தோனிப்பிள்ளை சவரிமுத்து! அளம்பில் கரையில் பிறந்து, எழுபத்து மூன்றாம் ஆண்டு கப்பலேறி, எங்கெங்கோ கோப்பை கழுவி, எப்படியோ மேடையேறி, நடிப்பின் ஆசானாகி, இரண்டாயிரத்துப் பதினாறில் அங்கேயே கண்மூடிய ஒரு மீனவனின் மகன்! பதினொரு மொழிகள் அறிந்த பெயர். பக்கத்து ஊர்க்காரியாகிய நான் அறியாத பெயர். வெட்கமாக இருக்காதா? இருந்தது. வெட்கம்தான் என்னை இந்த நூல் முழுவதையும் மொழிபெயர்க்க வைத்தது.

அந்த ஐந்தாம் அத்தியாயத்தை நீங்கள் கேட்க வேண்டும். 'அக்காவின் வலை' என்று தலைப்பு. நான் முதலில் செய்த மொழிபெயர்ப்பில் இருந்து வாசிக்கிறேன்.

"அளம்பில் கடற்கரை. எனக்கு ஒன்பது வயது. புயல் ஓய்ந்து மூன்றாம் நாள். தந்தையின் படகு திரும்பவில்லை. அக்கா மணலில் இருந்து, கால் பெருவிரலில் வலையைக் கொழுவி, அதன் கிழிந்த கண்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஊசியைப் பிடித்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் கதறினார்கள். அவள் அழவில்லை. தந்தையின் உடலைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அவள் அழவில்லை. கையில் இருந்த முடிச்சை இறுக்கி, நூலை அறுத்து, பிறகுதான் எழுந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரே அழுதது. நடிப்பு என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. கைக்கு வேலை கொடு. கண்ணுக்குக் கட்டளை இடாதே."

அவருடைய கற்பித்தல் முழுவதும் இந்தக் காட்சியில் இருந்துதான் கிளைக்கிறது. அவருடைய மாணவர்கள் முதல் நாள் வகுப்பில் செய்கிற பயிற்சிக்கும் 'அக்காவின் வலை' என்றுதான் பெயர். கையில் ஒரு கிழிந்த வலை. எதிரே ஒரு மரணம். அழக்கூடாது. எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அந்தக் கல்லூரியில் அளம்பில் அக்காவாக ஒரு நாள் இருந்தே ஆக வேண்டும்.

அந்த அக்கா இருக்கிறாரா? இருக்கிறார்! தேடிப் போனேன். மரியமலர் அம்மா. எழுபத்தைந்து வயது. இன்றைக்கும் காலையில் மீன் ஏலத்துக்குப் போய் விலை பேசி வாங்கிக் கருவாடு போடுகிறவர். வேலிப் படலையில் நின்றே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சவரியைப் பற்றியோ? அவன் நாடகம் படிப்பிக்கிறவன் எண்டு தெரியும். என்ன எழுதினவன் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதெல்லே."

தம்பி ஒரே ஒரு முறை, சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில் வந்து பதினொரு நாள் நின்றாராம். நண்டுக்கறி கேட்டுச் சாப்பிட்டாராம். பழைய கதை ஒன்றும் கதைக்கவில்லையாம். அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தனவாம். அந்தப் பெட்டி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போரைக் கடந்து வந்து இந்த மண்டபத்தில் இருக்கிற எவருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பு முடிந்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. அச்சுக்குப் போக முதல் அந்த ஊரிலேயே வாசிக்க வேண்டும்! அளம்பில் தேவாலயப் பங்கு மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூடினோம். ஐம்பது பேர் வரையில் வந்தார்கள். மரியமலர் அம்மாவை முன்வரிசையில் இருக்கச் சொன்னேன். "எனக்கு மூண்டாம் வரிசை காணும்" என்று அங்கே போய் இருந்தார். நான் ஐந்தாம் அத்தியாயத்தை வாசித்தேன். எங்கள் குழுவில் நடிக்கிற தனுஷா வலையைக் காலில் கொழுவிக்கொண்டு அந்த அக்காவாக இருந்தாள். ஊசி போகிறது, வருகிறது. முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு ஒருவர், பிறகு ஒருவர். எனக்கு உள்ளுக்குள்ளே பெருமை பொங்கியது. ஆகா, ஆசானே, உன் அளம்பில் உன் பாடத்தைப் படித்துவிட்டது என்று என் மனம் ஆனந்தக் கூத்தாடியது!

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு கதிரை பின்னால் தள்ளுப்பட்டது.

"பொய்!"

மரியமலர் அம்மா எழுந்து நிற்கிறார்.

"பிள்ளை, அதை நிப்பாட்டு. உது பொய்."

நான் தாளைப் பிடித்தபடி நிற்கிறேன். "என்னம்மா பொய்?"

"என்ர அப்பு செத்த அண்டைக்கு நான் அழேல்லையாமோ? அப்பிடியோ எழுதி வைச்சிருக்கிறான்? கத்திக் கத்தித் தொண்டை கிழிஞ்சு ஒரு மாசம் எனக்குக் குரல் வரேல்லை. கோயிலிலை பாட்டுப் படிக்கிறதை அதோடை விட்டனான். அழாமல் இருந்தவன் அவன்! ஊர்ச் சனம் 'கல்லுப் பொடியன்' எண்டு கதைச்சது அவனை. தன்ரை கதையை என்ர தலையிலை கட்டிப்போட்டு அவன் லண்டனிலை போய் இருந்திருக்கிறான்!"

நான் என்ன சொல்ல? அவரே கேட்டார்.

"உந்தப் புத்தகத்தை எத்தினை பேர் படிச்சிருப்பினம்?"

"அது... பதினொரு மொழியிலை வந்திருக்குதம்மா."

"பதினொரு மொழியிலை நான் அழேல்லை?"

அவையோரே, பதினைந்து வருடமாகக் கேள்வி கேட்டுப் பழகிய ஆசிரியை நான். கையில் இருந்த தாளை மடித்தேன்.

"மற்ற மொழிக்காரருக்கு என்னைத் தெரியாது" என்றார். "அது எப்பிடியும் போகட்டும். இந்த மொழியிலை வரக்கூடாது. நான் இந்தச் சனத்தின்ரை முகத்திலை முழிக்க வேணும். அப்புவின்ர கல்லறைக்குப் போக வேணும். அதை வெட்டு."

அதோடு குழப்பம் முடிந்ததா? இல்லை! பின்னால் இருந்து இன்னொருவர் எழும்பினார். பக்கத்து வீட்டு யோசெப் ஐயா. புயல் அடித்த அறுபத்து நாலாம் ஆண்டில் அவருக்குப் பதினேழு வயது.

"மலர், நீ கோவிக்காதை. நானும் அங்கை நிண்டனான். ரெண்டு பேரும் அழுதனீங்கள். வலையெண்டு அங்கை ஒண்டுமில்லை. புயல் வாடிக் கொட்டிலையும் வலையையும் சேத்து அள்ளிக்கொண்டு போனாப் பிறகு தைக்க எங்காலை வலை?"

பாருங்கள்! நூல் சொல்கிறது, அக்கா அழவில்லை, வலை தைத்தாள் என்று. அக்கா சொல்கிறார், நான் அழுதேன், அழாதவன் தம்பி என்று. அயலவர் சொல்கிறார், இருவரும் அழுதார்கள், வலையே இல்லை என்று. ஒரு கரை, ஒரு நாள், ஒரு மரணம். மூன்று சாட்சிகள், மூன்று காட்சிகள்! யாரை நம்புவேன்? எதை மொழிபெயர்ப்பேன்? மேடையில் பொய் சொல்லாதே, மேடையில் பொய் சொல்லாதே என்று இருநூறு பக்கம் எழுதிய ஆசான், தன் அடித்தளத்தையே பொய்யில் போட்டாரா? போட்டார் என்றால், தனுஷாவைப் பார்த்து அந்த மண்டபம் அழுததே, அந்தக் கண்ணீரும் பொய்யா?

வீட்டுக்கு வந்தேன். கணினியைத் திறந்தேன். இப்போது சொல்லப்போவதை இதுவரை எவருக்கும் சொல்லவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் 'அக்கா' என்று வந்த இடம் எல்லாவற்றிலும் 'நான்' என்று மாற்றினேன். நான் மணலில் இருந்தேன், நான் வலை தைத்தேன், நான் அழவில்லை, அக்கா கதறினாள். வாசித்துப் பார்த்தேன். மிக அழகாக இருந்தது! ஆங்கிலத்தை விட அழகாக இருந்தது! மூன்று நாள் அப்படியே விட்டுவைத்தேன். நாலாம் நாள் காலை பாடசாலைக்குச் சேலை உடுத்திக்கொண்டு நிற்கும்போது திடீரென்று உறைத்தது. இது சவரிமுத்துவின் அத்தியாயம் அல்ல. இது பிரஷாந்தினியின் அத்தியாயம். செத்த மனிதரின் வாயில் நான் என் சொல்லைத் திணித்துவிட்டேன். அவர் அக்காவுக்குச் செய்ததாக அக்கா எதைச் சொன்னாரோ, அதையே நான் அவருக்குச் செய்துவிட்டேன்!

எல்லாவற்றையும் அழித்தேன். ஆங்கிலத்தை முன்னால் விரித்து, ஒரு சொல்லும் விடாமல், புதிதாகப் படித்து வரும் மாணவி போல, முதல் வரியில் இருந்து திரும்பத் தொடங்கினேன்.

அப்போதுதான் கண்டேன், முதல் முறை நான் ஒரு சொல்லை விட்டுவிட்டேன் என்று. சின்னச் சொல். தேவையில்லை என்று நினைத்து விட்டேனோ, அவசரத்தில் விட்டேனோ தெரியாது. மொழிபெயர்ப்பு துல்லியம் என்று புகழ்ந்த பெரியவர் என்னை மன்னிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தது 'அவள் ஊசியைப் பிடித்திருந்தாள்' என்று அல்ல. 'அவள் இடக்கையில் ஊசியைப் பிடித்திருந்தாள்' என்று!

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, அளம்பிலில் மரியமலர் அம்மாவின் முற்றத்தில் போய் நின்றேன். யோசெப் ஐயாவும் இருந்தார். அம்மா கோபமாகத்தான் இருந்தார்.

"வெட்டிப்போட்டியோ?"

"இல்லையம்மா. ஒரு சொல்லை நான் விட்டுப்போட்டன். அதைச் சேர்த்து வாசிச்சுக் காட்டத்தான் வந்தனான்."

வாசித்தேன். இடக்கை என்ற சொல் வந்தது. அம்மா என்னை நிறுத்தச் சொன்னார்.

"எந்தக் கை எண்டனீ?"

"இடக்கை."

தன் மடியில் கிடந்த கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அவன் வலக்கைக்காரன். ஊசி பிடிக்கவே தெரியாது அவனுக்கு. ஊசிக்கு இடக்கை எண்டால் எங்கடை வீட்டிலை நான் ஒருத்திதான். அம்மா அடிச்சும் மாறேல்லை." திரும்பவும் கையைப் பார்த்தார். "இது என்ர கைதான் பிள்ளை."

பிறகு கேட்டார். அந்தக் குரலை என்னால் உங்களுக்குச் செய்துகாட்ட முடியாது. நான் நாடகம் படிப்பிக்கிறவள்தான், ஆனாலும் முடியாது.

"அப்ப நான் அழேல்லையோ?"

அறுபது வருடம் சுமந்த ஒரு நினைவு ஒரு சொல்லால் ஆட்டம் கண்டதை நான் கண்முன்னால் பார்த்தேன். ஐயோ, ஏன் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தேன் என்று இருந்தது. விட்டது பிழை என்று வந்தேன். இப்போது சேர்த்ததும் பிழையோ என்று தவித்தேன்.

யோசெப் ஐயாதான் சொன்னார். "விசர்க் கதை கதையாதை மலர். நீ அழுதனீ. கரையிலை தள்ளி நிண்ட எனக்கே கேட்டது."

"வலை இல்லையெண்டும் நீர்தானே சொன்னனீர்?"

"ஓம், சொன்னனான்..." அவர் தலையைச் சொறிந்தார். "இப்ப யோசிச்சுப் பாத்தால் ஒரு துண்டு வலை கிடந்திருக்கும் போலையும் கிடக்கு."

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அழுதழுது தைச்சனோ என்னவோ. பொடியன் என்ர கையை மட்டும் பாத்துக்கொண்டு இருந்திருப்பான். முகத்தைப் பாக்கப் பயந்திருப்பான்." அப்படிச் சொல்லிவிட்டு, உடனே, "இல்லை, அதுவும் நிச்சயமில்லை" என்றார்.

பிறகு தீர்ப்புச் சொன்னார். "வெட்டாதை. அவன் எழுதினபடி விடு. நான் சொல்லுறதையும் பக்கத்திலை போடு. சனம் ரெண்டையும் படிக்கட்டும்."

"சரியம்மா."

"நில்லு. இதென்ன, தந்தை, தந்தை எண்டு போட்டிருக்கிறாய்? எங்கடை வீட்டிலை தந்தை எண்டு ஒருத்தரும் இருக்கேல்லை. அப்பு எண்டு போடு. அவனும் அப்பு எண்டுதான் கூப்பிட்டவன். இங்கிலீசிலை அதுக்குச் சொல் இல்லாமல் விட்டிருப்பான்."

போட்டேன்! ஐந்தாம் அத்தியாயத்தில் இன்றைக்கு நீங்கள் படிக்கப்போகும் மொழிபெயர்ப்பில் மிகச் சரியான சொல் எதுவென்று கேட்டால், நான் போட்ட சொல் எதுவும் அல்ல. மரியமலர் அம்மா போட்ட அந்தச் சொல்தான்.

ஆனால் இன்னொரு கதவு இருந்தது. நூலின் உரிமை ஹெலன் என்ற அம்மையாரிடம் இருக்கிறது. சவரிமுத்துவின் மாணவி. அவரோடும் அவருக்குப் பிறகும் அதே கல்லூரியில் அதே பாடத்தைக் கற்பிப்பவர். ஒரு சொல்லும் கூட்டக்கூடாது, ஒரு சொல்லும் குறைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் எனக்கு அனுமதி தந்திருந்தார். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசினேன். மரியமலர் அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இருபத்தெட்டு வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் 'அக்கா அழவில்லை' என்று சொல்லி வருகிறேன்" என்றார். "வருகிற திங்கட்கிழமை புதிய வகுப்புத் தொடங்குகிறது. நான் என்ன சொல்ல?"

"எனக்கும் தெரியாது" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இரண்டு வாத்திச்சிகள், ஒரே குழப்பம்!

ஒன்பது நாள் கழித்து அவரிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. அதில் இப்படி எழுதியிருந்தார்: "கண்ணுக்குக் கட்டளை இடாதே என்றுதான் சவாரி எழுதினார். அழாதே என்று கட்டளை இட்டுக்கொண்டிருந்தவள் நான். இந்தத் திங்கட்கிழமை வலையை மட்டும் கொடுத்தேன். அழுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய அக்காவின் பக்கத்தைப் போடுங்கள். பின்னிணைப்பில் ஒளிக்க வேண்டாம். அத்தியாயத்துக்கு நேரெதிர்ப் பக்கத்தில் போடுங்கள்."

என்ன தம்பி? அங்கே பின்னால், உரத்துக் கேளுங்கோ. "கடைசியிலை ஆர் சொன்னது சரி, ரீச்சர்?" நல்ல கேள்வி! எனக்குத் தெரியாது தம்பி. பரீட்சையில் வந்தால் நானும் விடைத்தாளை வெறுமையாகத்தான் கொடுப்பேன். சவரிமுத்து ஐயா இல்லை. கடல் சாட்சி சொல்ல வராது. அக்கா அழுதாரா? அழுதார் என்று நம்புகிறேன். வலை தைத்தாரா? தைத்தார் என்றும் நம்புகிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை ஏன் அந்த அழுகையைக் கேட்கவில்லை? அல்லது கேட்டும் ஏன் எழுதவில்லை? அங்கேதான் என் அறிவு நின்றுவிடுகிறது.

அதிபர் ஐயா எழும்பப் பார்க்கிறார். ஐயா, இன்னும் இரண்டே நிமிடம்.

தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்த நூல் முப்பது வருடமாகப் பேர் பெற்ற நூல். பெரிய நகரங்களின் பெரிய மண்டபங்களில் வாசிக்கப்பட்ட நூல். பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். பெருநடிகர்கள் போற்றினார்கள். பதினொரு மொழிகளில் பதித்தார்கள். ஒரு மண்டபத்திலாவது, ஒரே ஒரு மண்டபத்திலாவது, ஒருவர் எழுந்து 'பொய்' என்றாரா? இல்லை! ஏன் இல்லை? அவர்கள் அறிவில் குறைந்தவர்களா? இல்லை! அந்தக் கரையில் நின்றவர் எவரும் அந்த மண்டபங்களில் இல்லை. அந்த அப்புவைக் கூப்பிட்டவர் எவரும் அந்த மொழிகளில் இல்லை. தமிழுக்கு வந்த முதல் நாள், முதல் வாசிப்பில், அளம்பில் பங்கு மண்டபத்தின் மூன்றாம் வரிசையில், அந்த நூலை மறித்து நிறுத்த ஒரு குரல் எழுந்தது!

அப்படியானால் மொழிபெயர்ப்பு எதற்கு? உலகம் மெச்சிய நூலை நாமும் மெச்சவா? மாலை போட்டு அலுமாரியில் வைக்கவா? அதற்கு ஆங்கிலமே போதும், அவையோரே! நம்மைப் பற்றி எழுதப்பட்டதை நம் மொழிக்குக் கொண்டுவருவது, எழுதப்பட்ட மனிதர் அதைக் கேட்பதற்கு! கேட்டுக் கோபிப்பதற்கு! கோபித்து மறுப்பதற்கு! மறுத்த பிறகும், 'வெட்டாதே, இரண்டையும் போடு' என்று சொல்லும் அந்தப் பெருமனத்தை நாம் காண்பதற்கு! ஆசான் சவரிமுத்து பெரியவர். அவர் பெரியவர் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் அவருடைய நூலுக்கு இத்தனை வருடமாக ஒரு பக்கம் குறைவாக இருந்தது. அந்தப் பக்கத்தை எந்தப் பல்கலைக்கழகமும் எழுதவில்லை, கருவாடு போடும் ஒரு பெண் எழுதித் தந்திருக்கிறார். இன்றைக்கு உலகத்திலேயே முழுமையான பதிப்பு தமிழ்ப் பதிப்புத்தான்!

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் அது எனக்கு வேண்டாம். அதோ, வலது பக்கம், மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மேடைக்கு வரச் சொல்லிக் கேட்டோம், மறுத்துவிட்டார். திரும்பிப் பார்த்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம், இருந்தபடியே தட்டுங்கள்.

நூலின் ஐம்பத்து மூன்றாம் பக்கத்தை விரியுங்கள். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. திருத்தவில்லை. எழுத்துத் தமிழாக மாற்றவில்லை. அதை வாசித்துவிட்டு இறங்குகிறேன். இந்த நாளை ஆக்கித் தந்த தலைவருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், பந்தல் போட்ட இளைஞர்களுக்கும், கடல் தாண்டி அனுமதி தந்த ஹெலன் அம்மையாருக்கும், என் குழப்பத்தைப் பொறுமையோடு கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.

ஐம்பத்து மூன்றாம் பக்கம்.

"நான் மரியமலர். சவரிமுத்துவின்ர அக்கா. அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலிலை எங்கடை அப்பு செத்தவர். நான் அழுதனான். தம்பி அதை எழுதேல்லை. மற்றதெல்லாம் வடிவாத்தான் எழுதியிருக்கிறான்."